ஆறு மாதம் தங்க வந்த பெற்றோருக்கு நூலக அட்டை கிடைக்குமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், மில்பிட்டாஸில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். நாங்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டால் அவர்களுக்குப் பொழுது போவதில்லை. பார்வையாளர் விசாவில் வந்தவர்களுக்கு நூலக அட்டை தருவார்களா? காப்புத்தொகை கட்ட வேண்டுமா? அரசுச் சேவையைப் பயன்படுத்தினால் அடுத்த முறை விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று அப்பா பயப்படுகிறார். தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா?

பதில்: முதலில் அப்பாவின் பயத்தைப் போக்கிவிடலாம். நூலகம் என்பது பூங்கா, நடைபாதை போல எல்லோருக்கும் பொதுவான வசதி. குடியேற்ற அதிகாரிகள் கணக்கில் எடுக்கும் அரசு உதவி என்பது வாழ்க்கைச் செலவுக்கு வாங்கும் ரொக்க உதவி போன்றவை. புத்தகம் இரவல் வாங்குவது அதில் வராது. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பது இரண்டே விஷயம்: நீங்கள் யார், எங்கே தங்கியிருக்கிறீர்கள். இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். வாசகரின் பதிவு விவரத்தையும், அவர் என்ன எடுத்தார் என்பதையும் நூலகம் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறது.

காப்புத்தொகையோ சந்தாவோ கிடையாது. நம் ஊரில் 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டம் வந்ததிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிப்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். இங்கேயும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) நூலகத்தின் வருமானத்தில் பெரும்பகுதி சொத்து வரியிலிருந்துதான் வருகிறது. வீட்டுக்காரர் கட்டும் அந்த வரிக்கு உங்கள் வாடகையிலும் ஒரு பங்கு போகிறது. அதனால் இலவசம் என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, அட்டை கிடைக்குமா? கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு இலவசம் என்பதுதான் பொது விதி. ஆறு மாதம் தங்க வந்தவர் அதில் அடங்குவாரா என்பதைக் கிளை அலுவலர்தான் சொல்வார். பாஸ்போர்ட் அடையாளத்துக்குப் போதும். முகவரிச் சான்றில்தான் பெற்றோருக்குச் சிக்கல் வரும், ஏனென்றால் மின் கட்டணமோ வங்கிக் கடிதமோ அவர்கள் பெயரில் இருக்காது. உங்கள் முகவரிக்கு அப்பா பெயரில் ஏதாவது தபால் வந்திருந்தால் அதை எடுத்து வையுங்கள். உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். போவதற்கு முன் கிளைக்கு ஒரு போன் செய்து, எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம். ஒருவேளை இல்லை என்று சொன்னாலும் வருத்தப்படாதீர்கள். உட்கார்ந்து படிக்கவோ நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளவோ அட்டை தேவையில்லை. வீட்டுக்கு எடுத்துவர மட்டும் உங்கள் அட்டை இருந்தால் போதும்.

எந்த நூலகம் உங்களுடையது என்பதில் புதிதாக வந்தவர்கள் பலரும் குழம்புவார்கள். சாந்தா கிளாரா கவுண்டியில் இருக்கும் எல்லா நூலகமும் கவுண்டி நூலகம் அல்ல. மில்பிட்டாஸ், கூப்பர்டினோ, கேம்பல், சரடோகா, லாஸ் ஆல்டோஸ், மார்கன் ஹில், கில்ராய் கிளைகள் கவுண்டி நூலக மாவட்டத்தைச் சேர்ந்தவை. சான் ஹோசே, சன்னிவேல், மவுண்டன் வியூ, பாலோ ஆல்டோ, சாந்தா கிளாரா நகரம் ஆகியவை தனித்தனியாக நகர நூலகம் நடத்துகின்றன. அட்டையும் வேறு, பட்டியலும் வேறு. நீங்கள் மாநிலவாசி என்பதால் கவுண்டி அட்டை, சான் ஹோசே அட்டை இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ளவும் வேண்டும் என்பேன். சான் ஹோசே நகரமும் அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2003இல் திறந்த மார்ட்டின் லூதர் கிங் நூலகம் உங்களுக்குப் பக்கம்தான். பல்கலைக்கழகத்துப் புத்தகங்களும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அபூர்வமான இடம் அது.

அடுத்து தமிழ்ப் புத்தகம். இங்கேதான் பலர் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதியும்போது ஒரு நிலையான முறையைப் பின்பற்றுகின்றன. நாம் பழகிய எழுத்துக்கூட்டல் அதில் செல்லாது. நாம் ச-வுக்கு எஸ் போடுவோம், அவர்கள் போடுவது சி. த-வுக்கு டி (T) மட்டும்தான், கூட ஹெச் வராது. ழ-வுக்கு இஸட்-ஹெச் இல்லை, அடிக்கோடிட்ட எல் வரும், தேடும்போது வெறும் எல் அடித்தால் போதும். க எங்கே வந்தாலும் கே, ஜி கிடையாது. சிறுகதைகள் என்று தேட வேண்டுமானால் சி, ஐ, ஆர், யூ, கே, ஏ, டி, ஏ, ஐ, கே, ஏ, எல் (cirukataikal) என்று அடிக்க வேண்டும். சில புத்தகங்களை இந்த முறையில் பதியாமல் சாதாரணமாகவே பதிந்திருப்பார்கள், அதனால் இரண்டு விதமாகவும் தேடுங்கள். தமிழ் எழுத்திலும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். தேடலின் மொழிப் பகுதியில் தமிழ் என்று குறுக்கிவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

கிடைத்த புத்தகம் வேறு கிளையில் இருந்தால் முன்பதிவு செய்துவிடுங்கள், மில்பிட்டாஸ் கிளைக்கே வந்துவிடும். எங்குமே இல்லாவிட்டால், வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கும் படிவம் இணையதளத்தில் இருக்கும். அதைத் தமிழர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். எந்த மொழிப் புத்தகத்துக்குத் தேவை இருக்கிறது என்பதை நூலகர் முன்பதிவையும் இரவலையும் பரிந்துரைகளையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அப்பா கேட்டு எடுத்துப் படிக்கும் ஒவ்வொரு தமிழ்ப் புத்தகமும் அடுத்த கொள்முதலுக்கு ஒரு காரணம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் பேசத் தயக்கமிருந்தால், நூலகங்களில் நடக்கும் ஆங்கில உரையாடல் குழுவில் உட்கார வையுங்கள். தேர்வு, மதிப்பெண் எதுவும் கிடையாது, தவறாகப் பேசினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். பிற நாட்டிலிருந்து மகன் மகள் வீட்டுக்கு வந்த மூத்தவர்களும் அங்கே வரக்கூடும். பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும் ஒருவருக்குப் புத்தகத்தைவிட இந்தப் பேச்சுத்துணை முக்கியம் என்று நினைக்கிறேன். வீட்டில் குழந்தை இருந்தால் கதை நேரத்துக்குத் தாத்தா பாட்டியே கூட்டிப்போகலாம்.

வார இறுதிக்கு ஒன்று: மாநிலப் பூங்கா அனுமதி அட்டையை நூலகத்திலேயே இரவல் வாங்கலாம். அது இருந்தால் ஒரு காருக்குப் பகல்நேர நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டாம். மாநிலத்தில் 200க்கும் மேற்பட்ட பூங்காக்களில் செல்லும். எண்ணிக்கை குறைவு என்பதால் கோடையில் காத்திருக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

பெற்றோர் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் அவர்கள் கணக்கைத் திறந்து, திருப்ப வேண்டியது ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகம் பெட்டிக்குள் போய்விட்டால் அதன் விலையைக் கேட்பார்கள். அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த முறை வரும்போது புதுப்பித்துத் தரும்படி கேட்கலாம்.