கருக்குழாயை மீண்டும் இணைக்கும் ஆபரேஷன்: தேதி குறிப்பதற்கு முன்னால்

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டாவது பிரசவம் சிசேரியன். அப்போதே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிட்டார்கள். 6 வருடம் ஆகிறது. இப்போது இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைக்கிறோம். அடுத்த மாதமே குழாயை இணைக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். எப்படித் தயாராக வேண்டும்? ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பதால் கணவருக்குப் பரிசோதனை தேவையில்லைதானே?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். தேவை, அதுவும் முதல் வேலையாக. கடைசிக் குழந்தை பிறந்து 6 வருடம் ஓடிவிட்டது. அதற்குள் சர்க்கரை, உடல் எடை, புகைப்பழக்கம், விதைப்பை ரத்தநாள வீக்கம் என்று எதுவும் வந்திருக்கலாம். 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை இது: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசையும் அணுக்கள் 42 சதவீதம். இதற்குக் கீழே வந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. சமீபத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். அணுக்கள் உருவாகி வெளிவர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம். அப்போதும் மிகக் குறைவு என்றால் குழாயை இணைத்துப் பயனில்லை. சோதனைக் குழாய் முறைதான் உங்கள் வழி. வயிற்றைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது, அந்தப் பழைய ஆபரேஷன் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அதில் ‘குடும்பக் கட்டுப்பாடு செய்யப்பட்டது’ என்று ஒரே வரிதான் இருக்கும். எந்த முறையில், குழாயின் எந்த இடத்தில், எவ்வளவு நீளம் வெட்டினார்கள் என்பது ஆபரேஷன் நோட்ஸில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய துண்டை பயாப்சிக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டும் வேண்டும்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கருக்குழாய் மொத்தமே 10, 12 செ.மீ. நீளம்தான். கிளிப் போட்டிருந்தால் சேதம் ஒரு செ.மீ.க்குள் நின்றிருக்கும். ரப்பர் வளையம் போட்டிருந்தாலோ, சிசேரியனின்போது வழக்கமாகச் செய்வதுபோல் குழாயை மடக்கி முடிச்சிட்டு வெட்டியிருந்தாலோ 2, 3 செ.மீ. போயிருக்கும். மின்சாரத்தால் சுட்டிருந்தால் அதற்கும் மேல். இணைத்த பிறகு குழாய் 4 செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும். 5, 6 என்றால் இன்னும் நல்லது. முழுக் குழாயையும் எடுத்திருந்தால் இணைக்க எதுவுமில்லை. முட்டையை அள்ளிக்கொள்ளும் விரல் போன்ற நுனியை வெட்டியிருந்தால் வாய்ப்பு மிகவும் குறைவு.

வெட்டிய இடமும் முக்கியம். கருப்பையை ஒட்டிய பகுதியில் குழாயின் துவாரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளிப்பக்கம் போகப்போக விரியும். ஒரே அளவுள்ள இரண்டு முனைகளைச் சேர்க்கும்போது பொருத்தம் நன்றாக அமையும். குறுகிய முனையை விரிந்த முனையோடு சேர்ப்பது கடினம். தலைமுடியைவிட மெல்லிய நூலால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி, உட்தோல் சுருங்காமல் போடும் தையல் இது. ஆகவே உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: எதன் உதவியோடு தைப்பீர்கள், இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது? ‘குழாய் திறந்தது’ என்பது வேறு, ‘குழந்தை பிறந்தது’ என்பது வேறு.

பழைய குறிப்பு கிடைக்கவில்லையா? முதலில் லேப்ராஸ்கோப் வழியே பார்த்துவிட்டு, இணைக்க முடியும் என்றால் மட்டும் தொடரச் சொல்லலாம். சிசேரியன் ஆனவர்களுக்கு உள்ளே ஒட்டுத் திசுக்கள் இருக்கலாம் என்பதால் உங்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு குழாய்தான் தேறும் என்றால் தொடரலாமா, கெட்டுப்போன குழாயை எடுத்துவிடலாமா என்பதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். மயக்கத்தில் இருப்பவரிடம் யாரும் கேட்க முடியாது.

உங்களுக்கான பரிசோதனைகளில் முக்கியமானவை, முட்டை இருப்பைச் சொல்லும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனையும், மாதவிலக்கின் தொடக்க நாட்களில் எடுக்கும் ஸ்கேனும். ஏ.எம்.ஹெச். எண்ணிக்கையைத்தான் காட்டும். முட்டையின் தரத்தை வயதுதான் சொல்லும். 34 நல்ல வயது. அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் தடுப்பூசி இப்போதே போடுங்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. குழாய் மூடியிருக்கும் இந்தச் சமயமே அதற்குத் தோது. ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கலாம். சர்க்கரை நோயோ வலிப்பு மாத்திரையோ இருந்தால் அளவு கூடும், டாக்டரைக் கேளுங்கள்.

தேதி விஷயத்தில் ஒன்று. மாதவிலக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவரும் முன்பு ஆபரேஷன் வைப்பது நல்லது. கருப்பையின் உட்சவ்வு அப்போது மெல்லியதாக இருக்கும். நீல மருந்தைச் செலுத்திக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வசதி. மாதவிலக்கு தள்ளிப்போனால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, தேதியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மூலிகைச் சூரணம் எது சாப்பிட்டாலும் மயக்க மருந்து டாக்டரிடம் பெயர் சொல்லிக் காட்டுங்கள். தானாக எதையும் நிறுத்த வேண்டாம். திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பலர் தவறுவது பாலில்தான்: பால் கலந்த காபியும் டீயும் திட உணவுக் கணக்கில் சேரும்.

பிறகு வீட்டில் 4 முதல் 6 வாரம் கனமான எதையும் தூக்க வேண்டாம். எந்த மாதம் முதல் முயலலாம் என்பதை டாக்டர் சொல்வார். 6 மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் ஹெச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே எடுத்து, இணைத்த இடம் திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

இன்னொன்றையும் கணவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இணைத்த இடத்தில் தழும்பு இருப்பதால் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். நாள் தள்ளியதுமே டெஸ்ட் செய்யுங்கள். பாசிட்டிவ் என்றால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பீட்டா ஹெச்.சி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை, 6-வது வாரத்தில் ஸ்கேன். கரு பழைய சிசேரியன் தழும்பில் ஒட்டவில்லை என்பதையும் அதே ஸ்கேனில் உறுதி செய்யச் சொல்லுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போனதும் ‘குழாய் இணைப்பு ஆபரேஷன் செய்தவர்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.