கீபோட் வாசிப்பவருக்கு என்ன மென்பொருள் உதவும்?

கேள்வி: ஐயா, நான் ஓர் இசைக்குழுவில் கீபோட் வாசிக்கிறேன், அன்ட்ரொயிட் செயலி எழுதவும் பழகியிருக்கிறேன். அரேஞ்சர் கீபோட் (தாளத்தையும் பக்கவாத்தியத்தையும் தானே வாசிக்கும் கீபோட்) வாசிப்பவர்களுக்குப் பயன்படும் மென்பொருள் ஒன்று செய்ய விருப்பம். புதிய ஸ்டைல்களை, அதாவது அந்தப் பக்கவாத்திய வடிவங்களை, தொகுத்துக் கொடுக்கலாமா?
– வாசகர், மல்லாவி

பதில்: தம்பி, ஸ்டைல் எல்லாருடைய பென் டிரைவிலும் நிறையக் கிடக்கிறது. எங்களுக்கு இல்லாதது வேறு.

வன்னியில் திருவிழாக் காலத்தில், சொந்தக் கீபோட் இல்லாத பிள்ளைகள் அன்றைக்கு வாடகைக்குக் கிடைத்ததில்தான் வாசிக்கிறார்கள். இன்றைக்கு யமஹா, நாளைக்குக் கோர்க். யமஹாவில் பாடுபட்டுச் சேமித்த றெஜிஸ்ட்ரேஷனை, அதாவது ஒரு பாட்டுக்கான அமைப்புகளை, கோர்க் திறக்காது. அதோடு ஜெனரேற்றர். லைற்காரர் இன்னொரு போக்கஸைப் போட, வோல்ற்றேஜ் இறங்கிக் கீபோட் நின்றுபோகும். திரும்ப எழும்பும்போது வலக்கையில் வெறும் பியானோ. பாடகிக்காக இறக்கிவைத்த ட்ரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) பூச்சியத்தில் நிற்கும். அவர் மைக்கைப் பிடித்தபடி உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அந்த நேரத்துக்கு உதவுகிற மென்பொருளைச் செய்யுங்கள்.

பாட்டின் விபரம் போனில் இருக்கட்டும்: எந்த வொய்ஸ் (வாத்திய ஒலி), எவ்வளவு சத்தம், எவ்வளவு றிவேர்ப் (எதிரொலி), எந்தச் சுருதி. ஒவ்வொரு கீபோட்டுக்கும் வொய்ஸ் அட்டவணை ஒன்றைத் தனியாக வையுங்கள். பாட்டின் பெயரைத் தொட்டதும் அந்தக் கீபோட்டுக்கு ஏற்ற எண்கள் போகவேண்டும்.

அன்ட்ரொயிட் 6 பதிப்பிலிருந்து (2015) மிடி (வாத்தியங்களுக்குக் கட்டளை அனுப்பும் முறை) வசதி உள்ளேயே இருக்கிறது. போனையும் கீபோட்டையும் இணைக்கும் ஓரீஜி வயரைக் கீபோட்டின் 'ரூ ஹோஸ்ற்' துளையில் குத்துங்கள். பென் டிரைவ் குத்தும் துளையில் அல்ல. வொய்ஸ் மாற்ற அனுப்பவேண்டிய மிடி கட்டளைகள்: கொன்ட்ரோல் சேஞ்ச் 0, பிறகு 32 (இரண்டும் வொய்ஸ் தொகுதியைத் தெரிய), கடைசியாகப் புறோகிராம் சேஞ்ச் (அதில் வொய்ஸைத் தெரிய). இந்த வரிசை பிசகக்கூடாது. யமஹா அட்டவணைகளில் புறோகிராம் எண் 1 முதல் 128 வரை அச்சாகியிருக்கும்; வயரில் போவது 0 முதல் 127. ஒன்றைக் கழிக்காவிட்டால் பக்கத்து வொய்ஸ்தான் வரும். சத்தத்துக்குக் கொன்ட்ரோல் சேஞ்ச் 7, றிவேர்ப்புக்கு 91.

பெரிய மொடல்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளியிலிருந்து வரும் மிடி, கீபோட்டில் உள்ள சோங் (பதிந்த பாட்டை வாசிக்கும்) பகுதிக்குப் போகும்படி அமைந்திருக்கும். மிடி அமைப்பில் அந்த மிடி வரும் சானலை (வழியை) 'றைட் 1' (வலக்கை) பகுதிக்குத் திருப்பினால்தான் உங்கள் கையில் கேட்கும் வொய்ஸ் மாறும். எழுதியது பிழையோ என்று பலர் மண்டையை உடைப்பது இந்த இடத்தில்தான்.

தாளத்தை மட்டும் போனிடம் கொடுக்காதீர்கள். மிடி கிளொக்கில் (தாள வேகத்தைச் சொல்லும் மிடித் துடிப்பு) ஓர் அடிக்கு 24 துடிப்பு. போன் வேறு வேலையில் கொஞ்சம் சுணங்கினாலும் பாட்டு ஆடும். ரெம்போவையும் (தாள வேகம்) ட்ரான்ஸ்போஸையும் திரையில் பெரிய எழுத்தில் காட்டுங்கள், நாங்கள் கையால் போட்டுக்கொள்வோம். ஸ்டைல் மாற்றும் வழி கொம்பனிக்குக் கொம்பனி வேறு என்பதால் முதல் பதிப்பில் அதைத் தொடவேண்டாம்.

இன்ரநெற் இல்லாமல் ஓடவேண்டும். பாட்டைத் தமிழில் தேட முடியவேண்டும். எழுதி முடிந்ததும் புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கம் வாசிக்கிற பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒத்திகையில், பாட்டு நடுவிலேயே கீபோட்டின் கரண்டை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.