முதல் வேட்டைக்கு எருமையா, குடு மானா?

நமீபியாவில் 19 ஆண்டுகள் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஆப்பிரிக்கக் காடுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, வயது 41. மென்பொருள் பணி. மூன்று ஆண்டுகளாகத் துப்பாக்கிக் கழகத்தில் சுட்டுப் பழகுகிறேன். அடுத்த ஆண்டு முதன்முறையாக வேட்டைக்குப் போக இருக்கிறேன். கையில் இருக்கும் சேமிப்புக்கு ஒரு காட்டெருமை, அல்லது நான்கைந்து மான் வகைகள், இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும். "மான் சுடுவது பொழுதுபோக்கு, எருமைதான் வேட்டை" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
ஒரு வாசகர், ஜோகன்னஸ்பர்க்

பதில்: தம்பி, மானுக்குப் போங்கள். எருமை பிறகு.

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். அங்கே வேட்டைக்காரர்கள் விலங்குகளை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை, இவற்றோடு நீர்யானையும் முதலையும் 'டேஞ்சரஸ் கேம்'. திருப்பித் தாக்கக்கூடியவை. குடு, இம்பாலா, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக், வில்டபீஸ்ட், ஈலண்ட், வரிக்குதிரை, வார்ட்ஹாக் பன்றி எல்லாம் 'பிளெயின்ஸ் கேம்', சமவெளி விலங்குகள். பெயரில்தான் சமவெளி இருக்கிறது. குடு மான் முள்ளடர்ந்த சரிவை விட்டு இறங்குவதே அரிது.

எருமையில் ஆபத்து இருக்கிறது என்று உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மை. அந்த ஆபத்து யாருக்கு என்பதை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒருமுறை விடுமுறையில் ஜிம்பாப்வேயில் ஜாம்பெசிப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் என் நண்பர். 'பி.எச்.' என்று அங்கே சுருக்கமாகச் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரை அவர் எருமைக்கு அழைத்துப் போகிறார், நானும் கூடப் போனேன். செப்டம்பர் மாதம், கொளுத்தும் வெயில். 'ஜெஸ்ஸி' என்று அங்கே பெயர் பெற்ற புதர்க்காடு. உள்ளே நுழைந்தால் பத்தடிக்கு அப்பால் கண் தெரியாது. வந்தவர் நல்ல மனிதர். தாளில் வைத்த குறியில் மூன்று தோட்டாக்களை ஒரு ரூபாய்க் காசுக்குள் பதிப்பவர் என்று முகாமில் எல்லோரும் பார்த்து வியந்தார்கள். ஆனால் அதுவரை அவர் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.

எழுபது மீட்டரில் கிழட்டு எருமைக் காளை ஒன்று பக்கவாட்டில் நின்றது. சுட்டார். தோட்டா படும் ஓசை கேட்டது. காளை முதுகை வளைத்து ஒரு துள்ளு துள்ளிப் புதருக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்ப் பார்த்தோம். தடம் பார்ப்பவர் ஓர் இலையைப் பறித்து என்னிடம் நீட்டினார். கருஞ்சிவப்பு இரத்தம், அதில் பச்சையாய் அரைபட்ட புல். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தோட்டா நுரையீரலில் படாமல் பின்னால் இரைப்பையில் பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட எருமை உடனே சாகாது. சிறிது தூரம் போய், திரும்பி வந்து, தன் தடத்துக்குப் பக்கத்திலேயே புதரில் ஒளிந்து நின்றுவிடும்.

சுட்டவரையும் என்னையும் வண்டியிடம் இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். தடம் பார்ப்பவர் முன்னால், கண்கள் தரையில், கையில் ஒரு குச்சி. பி.எச். அவருக்குப் பின்னால். நாற்பது நிமிடம் கழித்து அடுத்தடுத்து இரண்டு வெடிகள், பிறகு ஒன்று. தொடையில் கொம்பு கிழித்த தடம் பார்ப்பவரைப் பி.எச். தூக்கிக்கொண்டு வந்தார். என் சட்டையை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தபடியே மூன்று மணி நேரம் வண்டியில் வந்தேன். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன் பிறகு அவரால் தடம் பார்க்கப் போக முடியவில்லை. அவருக்கு நான்கு பிள்ளைகள். சுட்டவர் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

உங்கள் முதல் தோட்டா தவறினால் அதற்கான விலையை உங்களுக்கு முன்னால் நடக்கும் மனிதர் கொடுக்கிறார். இதனால்தான் முதல் வேட்டைக்கு எருமை வேண்டாம் என்கிறேன். தாளுக்கு முன்னால் கை நடுங்காது. உயிருள்ள ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நெஞ்சு காதில் அடிக்கும், மூச்சு முட்டும், மூன்று மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தாங்கியின் மேல் துப்பாக்கி ஆடும். அந்த நிலையில் உங்கள் விரல் என்ன செய்யும் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் எருமைக்கு முன்னால் இல்லை.

இனி, மான் சுடுவது பொழுதுபோக்கா என்பது. நமீபியாவில் வாட்டர்பெர்க் மலைக்குத் தெற்கே ஒரு பண்ணையில் குடு கிடாவுக்காக ஆறு நாள் நடந்திருக்கிறேன். எடை இருநூறு கிலோவுக்கு மேல், இரண்டரைச் சுற்று முறுக்கிய கொம்பு, உடம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டாற்போல் வெள்ளை வரிகள். அவ்வளவு பெரிய விலங்கு முள்மர நிழலில் அசையாமல் நின்றால் கண்ணுக்கு எட்டாது. என்னோடு வந்த சான் பழங்குடி இனத்தவர் இடுப்பில் ஒரு சாம்பல் முடிப்பு வைத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பார். சாம்பல் பறக்கும் திசை மாறினால், எங்கள் வாடை மானுக்கு எட்டிவிடும் என்று, இரண்டு மணி நேரம் தொடர்ந்த தடத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி நடப்போம். மூன்றாம் நாள் நூறு மீட்டரில் ஒரு காது மட்டும் அசைவதைக் காட்டினார். கழுத்து எங்கே, உடல் எங்கே என்று நான் தேடி முடிப்பதற்குள் அது இல்லை. ஆறாம் நாள் மாலைதான் சுடக்கூடிய நிலையில் ஒன்று நின்றது. அந்த ஆறு நாளில் நான் கற்றதை வேறு எங்கும் கற்றிருக்க முடியாது.

உங்கள் பணத்துக்கு நான் சொல்லும் பட்டியல்: ஒரு இம்பாலா அல்லது ஸ்பிரிங்பாக்கில் தொடங்குங்கள். பிறகு ஓரிக்ஸ். நேரம் இருந்தால் குடு. கட்டாயம் ஒரு நீல வில்டபீஸ்ட். 'ஏழையின் எருமை' என்று அதற்குப் பெயர். விலை காரணமாக மட்டும் வந்த பெயர் என்று நினைக்காதீர்கள். தோட்டா சற்றுத் தவறினாலும் அது கிலோமீட்டர் கணக்கில் ஓடும், உயிரை எளிதில் விடாது. வில்டபீஸ்டை ஒரே தோட்டாவில், நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே விழச் செய்ய முடிந்தால், அடுத்த முறை எருமையைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

பணம் பற்றி ஒன்று. நாள் கட்டணம் தனி, விலங்குக்கான கட்டணம் தனி. காயம்பட்டு ஓடிக் கிடைக்காமல் போன விலங்குக்கும் முழுத் தொகை கட்ட வேண்டும் என்பதே பெரும்பாலான இடங்களில் விதி. ஒரு துளி இரத்தம் தரையில் விழுந்தால் அது உங்கள் கணக்கு. சரியான விதி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: என்னிடம் முப்பது-நாட்-சிக்ஸ் துப்பாக்கி இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு அது போதுமா? எங்கே குறி வைக்க வேண்டும்?
ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: சமவெளி விலங்குகளுக்குப் போதும். நல்ல கட்டுமானமுள்ள, கனமான தோட்டாவாக வாங்குங்கள். ஈலண்ட் மட்டும் தொள்ளாயிரம் கிலோ வரை வளரும், அதற்குச் சற்றுப் பெரிய துப்பாக்கி இருந்தால் நல்லது. எருமைக்கு இது கூடாது. 1912இல் வெளிவந்த .375 எச் அண்ட் எச் மேக்னம் என்ற பெரிய தோட்டா வகைதான் ஆபத்து விலங்குகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் குறைந்தபட்ச அளவாகக் கருதப்படுகிறது. மானையும் எருமையையும் ஒரே துப்பாக்கியில் முடிக்க நினைப்பவர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுவதைவிட, பழகிய முப்பது-நாட்-சிக்ஸில் குடுவைச் சுடுவது ஆயிரம் மடங்கு மேல்.

குறி பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் மான் சுட்டுப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால், விலாவின் நடுவில் குறி வைப்பார்கள். ஆப்பிரிக்காவில் அந்தப் பழக்கம்தான் காயம்பட்ட விலங்குகளை உண்டாக்குகிறது. நான் அறுத்துப் பார்த்த விலங்குகளுக்குக் கணக்கில்லை. ஊரில் ஆடு அறுப்பதை உங்கள் பாட்டியோ அம்மாவோ பார்த்திருந்தால் அவர்களுக்கும் தெரியும்: இதயம் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில், நெஞ்செலும்பை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே மேலே வாருங்கள். உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நில்லுங்கள். அங்கே சுடுங்கள். விலங்கு நேர் பக்கவாட்டில் இல்லாமல் கோணலாகத் திரும்பி நின்றால், எதிர்ப்பக்க முன்னங்கால் எங்கே இருக்கிறது என்று மனத்தில் பார்த்து, தோட்டா அங்கே போய்ச் சேரும்படி சுடுங்கள். அது புரியவில்லை என்றால் சுடாதீர்கள். சுடாமல் விட்டதற்காக எந்த நல்ல பி.எச்.சும் உங்களைக் குறை சொல்லமாட்டார்.

கேள்வி: உயிரைக் கொல்வது எப்படி என்று ஒரு மருத்துவர் எழுதுவதைப் படிக்க வேதனையாக இருக்கிறது. சிசில் சிங்கத்தை உலகமே நினைத்து அழுததே, மறந்துவிட்டீர்களா?
ஒரு கல்லூரி ஆசிரியை, சென்னை

பதில்: மறக்கவில்லை, அம்மா. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே அது கொல்லப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்து வந்த சிங்கம். அம்பு பட்டுப் பல மணி நேரம் கழித்தே அதன் உயிர் போனது. அந்தப் பல மணி நேரம் என்னை இன்றும் உறுத்துகிறது.

சிங்கத்துக்கோ சிறுத்தைக்கோ நான் யாருக்கும் வழி சொல்வதில்லை. ஓர் இடத்தை ஆளும் ஆண் சிங்கம் போய்விட்டால் புதிதாக வரும் ஆண் அதன் குட்டிகளைக் கொன்றுவிடும். சுட்டது ஒன்று என்றாலும் சாவு ஒன்றோடு நிற்பதில்லை. வேலிக்குள் வளர்த்த சிங்கத்தைத் திறந்துவிட்டுச் சுடும் வழக்கமும் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அதற்கு வேட்டை என்ற பெயரே பொருந்தாது. எருமை வேறு. முதுமையில் மந்தையை விட்டு விலகிச் சேற்றில் புரண்டு திரியும் காளைகளைத்தான் 'டக்கா பாய்' என்கிறார்கள், டக்கா என்றால் சேறு. அவற்றில் ஒன்று போவதால் மந்தையின் பெருக்கம் குறைவதில்லை.

1996இல் நமீபியா ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தங்கள் நிலத்தில் வாழும் விலங்குகளிலிருந்து வரும் பயனை ஊர்மக்களே பெறலாம் என்றது. 1998இல் சான் மக்கள் வாழும் நையே நையே பகுதி அப்படிப்பட்ட ஊர்க் காப்பிடமாகப் பதிவானது. இன்று நாட்டில் அத்தகைய காப்பிடங்கள் எண்பதுக்கும் மேல் இருக்கின்றன. வேட்டையாடிய விலங்கின் இறைச்சி ஊருக்குள் பங்கிடப்படுகிறது, கட்டணத்தில் ஊருக்குப் பங்கு வருகிறது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் யானை வயலுக்குள் வந்தால் விஷம் வைக்கலாமா என்று பேசியவர்கள், பிறகு காவலர்களை அழைக்கச் சொல்லி எனக்குத் தொலைபேசி செய்தார்கள். கென்யா 1977இல் வேட்டையை முழுவதும் தடை செய்தது. அதன் பிறகும் அங்கே வனவிலங்குகள் குறைந்துகொண்டேதான் வந்திருக்கின்றன. மேய்ச்சல், வேலி, மக்கள்தொகை என்று காரணங்கள் பல. தடை ஒன்றே அவற்றைக் காத்துவிடவில்லை. போட்ஸ்வானா 2014இல் தடை விதித்து 2019இல் நீக்கியது.

இதையெல்லாம் படித்த பிறகும் கொல்வது தவறு என்று நீங்கள் சொன்னால், அதை மறுத்து வாதிட மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நிலத்தில் வாழும் மக்களுக்கு விலங்கு உயிரோடு இருப்பதால் ஏதாவது கிடைக்க வேண்டும். சுற்றுலா வண்டிகள் போகாத தொலைதூர இடங்களுக்கு வேறு வழி தெரிந்தால் அதை எல்லோரும் சேர்ந்து செய்யலாம்.

கேள்வி: குடு கொம்பைக் கோயம்புத்தூர் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த எண்ணமே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாடு இது. சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வரும். புகைப்படத்தோடு திரும்புங்கள்.

கேள்வி: எந்த மாதம், எந்த இடம் முதல் முறைக்கு நல்லது?
ஒரு வாசகர், துபாய்

பதில்: மே முதல் செப்டம்பர் வரை. மழை நின்று புல் படுத்துவிடும், தண்ணீர் குறைந்து விலங்குகள் குளங்களைத் தேடி வரும். இடம் என்றால் நமீபியாவின் நடுப்பகுதிப் பண்ணைகள், அல்லது மலேரியா இல்லாத தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப். ஜாம்பெசிப் பள்ளத்தாக்கு என்றால் மலேரியா மாத்திரை கட்டாயம்.

நமீபியாவின் குறுக்கே ஒரு நீண்ட கால்நடை வேலி போகிறது, 'சிவப்புக் கோடு' என்பார்கள். காட்டெருமை தனக்கு நோய் தெரியாமலே கோமாரியைச் சுமக்கும் என்பதால் அதைத் தெற்கே விடாமல் தடுக்கும் வேலி அது. என் பணிக்காலத்தில் பாதி அந்த வேலியோரம்தான் கழிந்தது. அதற்குத் தெற்கே, வாட்டர்பெர்க் பூங்கா போன்ற ஓரிரு காப்பிடங்கள் தவிர, எருமை கிடையாது. முதல்முறை நடக்கிறவர் புதரைப் பார்த்து அஞ்சாமல் மானை மட்டும் கவனிக்கலாம்.

ஜூன், ஜூலையில் விடியற்காலை உறைபனி விழும். துபாய் வெயிலில் இருந்து போகிறீர்கள், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலணியை இப்போதே வாங்கி, நாள்தோறும் எட்டுக் கிலோமீட்டர் அதைப் போட்டுக்கொண்டு நடங்கள்.