ராத்திரி பஸ் ஹார்ன்: டெசிபலைத் துரத்த வேண்டாம்

கேள்வி: திருச்சி மாவட்டத்தில் பிரதான சாலையோரம் எங்கள் வீடு. எதிரே டிராவல்ஸ் அலுவலகம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இரவு 10 முதல் 12 மணி வரை ஆம்னி பஸ்கள் இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. ஏர் ஹார்ன், டீசல் புகை. இதய நோயாளியான மாமனார் தூங்குவதே இல்லை. காவல் நிலையத்தில் இரண்டு முறை வாய்மொழியாகச் சொல்லியும் பயனில்லை. சட்டப்படி என்ன செய்யலாம்?

பதில்: வாயால் சொன்ன புகாருக்கு மனு ரசீது கிடையாது, ஸ்டேஷனில் அது அன்றைக்கே முடிந்துபோகும். எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதும்போது பலரும் வழுக்கும் இடம் டெசிபல், அதாவது சத்தத்தை அளக்கும் அலகு.

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு (10 முதல் 6 மணி வரை) வரம்பு 45 டெசிபல். அதைவிட 10 டெசிபல் கூடினால் புகார் செய்யலாம் என்கிறது 7-வது விதி. ஆனால் அது சராசரி அளவு. மூன்று விநாடி அலறும் ஹார்ன் சராசரியில் கரைந்துவிடும். செல்போன் ஆப் காட்டும் எண்ணை நம்பி வழக்கு நடத்த முடியாது. அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹார்ன் அடிப்பதையே 5ஏ விதி தடை செய்கிறது. இரவுநேரக் கட்டுப்பாட்டை மீறினாலும் 7-வது விதியில் புகார் செய்யலாம். அளவுக் கருவியே வேண்டாம்.

எதிர்த்தரப்பு “கீழே எல்லாம் கடைதானே, இது வணிகப் பகுதி” என்று வாதிடும். உங்கள் சர்வே எண்ணுக்கு முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) என்ன நிலப் பயன்பாடு என்று உள்ளூர் திட்டக் குழுமத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஐந்தாறு இரவுகள் திண்ணையிலிருந்தே வீடியோ எடுங்கள். நம்பர் பிளேட்டும் டிராவல்ஸ் போர்டும் ஒரே காட்சியில் விழ வேண்டும். ஒரு நோட்டில் தேதி, நேரம், வண்டி எண், எத்தனை முறை ஹார்ன், எத்தனை நிமிடம் இன்ஜின் ஓடியது என்று எழுதுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய வீடியோ சுருங்கிவிடும். போனில் இருக்கும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ. 2023) 63-வது பிரிவுச் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பைத்தான் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) குறிப்பிட வேண்டும். மாமனாரின் மருத்துவக் குறிப்பு துணை ஆதாரம். சத்தம்தான் காரணம் என்று அது மட்டும் நிரூபிக்காது.

மனுவை டி.எஸ்.பி.க்குக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் கொடுத்து மனு எண் பெறுங்கள். இன்னொரு நகல் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் தேவையில்லாத ஹார்னுக்கு முதல் முறை 1,000, அடுத்து 2,000 ரூபாய். இந்த அபராதத்துக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். ஒலி, புகைத் தர மீறலுக்கான 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தகுதியிழப்பும் வரும் என்பதால் டிரைவர்கள் உஷாராவார்கள். பல சுரத்தில் அலறும் ஹார்னை மத்திய மோட்டார் வாகன விதி 119-ம் தடை செய்கிறது. எனவே ஹார்னைச் சோதிக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள்.

அசையவில்லையென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 133) வருவாய்க் கோட்டாட்சியரிடம் பொதுத்தொல்லை மனு போடலாம். அக்கம்பக்கத்தாரும் கையெழுத்திட்டால் நல்லது. உங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினை என்று தள்ள முடியாது.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக, பிரச்சினை தொடங்கியதிலிருந்து கெடு ஆறு மாதம். தக்க காரணம் சொன்னால் மேலும் 60 நாள். எட்டு மாதம் ஆன உங்களுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. அதற்காக ஓடாமல், முத்திரையிட்ட மனு நகல்களோடு அதிகாரிகளை நடவடிக்கை எடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதே சரி.