மூன்றாவது முறையும் மருத்துவம்தானா?

உங்கள் மகள் மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை, மறுபடி எழுதட்டும், இல்லாவிட்டால் வீட்டை அடமானம் வைத்தாவது சேர்த்துவிடு என்று அவள் பெரியப்பா சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வீட்டில் கை வைக்காதீர்கள் அம்மா, அந்தக் கடனைக் கட்டப்போவது பெரியப்பா இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு வரி. பாட்டி மாத்திரையை விட்டுவிடுவது மறதியால் இல்லை, அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்க விரலில் வலுவில்லாததால்தான் என்று கண்டுபிடித்தவள் உங்கள் மகள். இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

நர்சிங், பார்மசி எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நான் சொல்வது நோயாளிகளிடம் நடத்தும் சந்தை ஆய்வு. மருந்தோ ஊசிக் கருவியோ தயாரிக்கும் நிறுவனங்கள், அதைப் பயன்படுத்துகிறவர் உண்மையில் எப்படி வாழ்கிறார் என்று அறிய ஆய்வாளர்களை அமர்த்துகின்றன. யாரிடம் பேசுவது என்று சல்லடை போட்டுத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் பேசுவார்கள். "மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும், "நேற்று காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்றால்தான் விட்டுப்போன வேளை வெளியே வரும். அரிய நோய் என்றால் ஆள் கிடைப்பதே பெரும்பாடு, பத்துப் பேர் கிடைத்தாலும் அந்தப் பத்துப் பேச்சும் பொக்கிஷம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கூட மருந்து உருவாக்கத்தில் நோயாளிகளின் அனுபவத்தைக் கேட்க 2012-இல் தனித் திட்டமே தொடங்கி, 2013-இல் முதல் கூட்டத்தை நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களோடு நடத்தியது.

கட்டுப்பாடும் உண்டு. சம்மதம் வாங்காமல் ஒரு கேள்வியும் கூடாது, ஆய்வு என்ற பெயரில் மருந்தை விற்கக் கூடாது, சிகிச்சை பற்றி அறிவுரை சொல்லவும் கூடாது. பேச்சுவாக்கில் ஒருவர், ஆய்வுக்கு அமர்த்திய நிறுவனத்தின் மருந்தைப் பெயர் சொல்லி, "அதைப் போட்டதிலிருந்து தலை சுற்றுகிறது" என்றால், அதை அந்த நிறுவனத்தின் மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும், வழக்கமாக ஒரு வேலை நாளுக்குள்.

இதற்கு உளவியல், சமூகவியல், புள்ளியியல், பொதுச் சுகாதாரம் என்று எதில் பட்டம் பெற்றாலும் நுழையலாம், வீட்டை அடகு வைக்கும் செலவு இல்லை. முதல் ஓரிரு வருடம் பேட்டிகளை எழுத்தாக்குவதும் வகைபிரிப்பதுமாக அலுப்பாகத்தான் போகும், ஆரம்பச் சம்பளமும் டாக்டர் சம்பளம் ஆகாது. சாவின் பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தால் இரவு தூக்கம் வராது, அதையும் அவளிடம் மறைக்காதீர்கள்.

சரி, இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். பாட்டியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவருடைய ஒரு நாளை முழுக்கக் கேட்டு இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்தபின், கேட்காமல் விட்ட கேள்விகள் அவளை அரித்தால் என்னிடம் அழைத்து வாருங்கள். அதுவரை மூன்றாவது விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம், பெரியப்பா எத்தனை முறை போன் செய்தாலும்.