ஏர் ஃப்ரையர் வாங்கும் முன் எண்ணெய்ப் பாட்டிலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் செலவாகிறது. கணவருக்குக் கொழுப்பு கூடியிருப்பதால் எண்ணெயைப் பாதியாகக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏர் ஃப்ரையர் வாங்கினால் போதும் என்கிறாள் மகள். ஏழாயிரம் ரூபாய் போடலாமா? எத்தனை லிட்டர் அளவில் வாங்குவது?
— வாசகி, சேலம்

பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு மாதம் பொறுங்கள். பொரிப்பதற்கென்று ஒரு லிட்டர் எண்ணெயைத் தனிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். அப்பளம், வடை, மீன், சிப்ஸ் எதுவானாலும் அந்தப் பாட்டிலிலிருந்து மட்டும் எடுங்கள். தோசை, தாளிப்பு, பொரியல் எல்லாம் வழக்கமான தூக்கிலிருந்து நடக்கட்டும். மாதக் கடைசியில் தனிப் பாட்டிலில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, ஏர் ஃப்ரையரால் உங்களுக்கு மிச்சமாகக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஐந்து லிட்டரை ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி வருகிறது. ஏறத்தாழ ஏழு டீஸ்பூன். இது எங்கே போகிறது? ஆளுக்கு மூன்று தோசை, தோசைக்கு ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு 75 மில்லி. ஒருநாள் விட்டு ஒருநாள் தோசை என்றால் மாதத்தில் ஒரு லிட்டருக்கு மேல் தோசைக்கல்லிலேயே போய்விடுகிறது. ஏர் ஃப்ரையர் தோசை வார்க்காது, சாம்பாருக்குத் தாளிக்காது. உங்கள் வீட்டு எண்ணெய் அந்த வழியில் போகிறதென்றால், ஏழாயிரம் ரூபாயால் உங்கள் கணவருக்கு ஒரு நன்மையும் இல்லை. தூக்கிலிருந்து நேராகச் சாய்க்காமல் டீஸ்பூனால் அளந்து ஊற்றும் பழக்கம்தான் அவருக்கு உதவும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மருத்துவர் சொன்னதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் மற்றதை மறந்துவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பெயரில் ‘ஃப்ரை’ இருந்தாலும் இந்தக் கருவி பொரிப்பதில்லை, சுடுகிறது. மேலே ஒரு ஹீட்டர் சுருள், அதையொட்டி ஒரு மின்விசிறி. சூடான காற்று கூடைக்குள் வேகமாகச் சுழன்று பண்டத்தின் மேற்பரப்பை உலர்த்தி மொறுமொறுப்பாக்குகிறது. விசிறி வைத்த சிறிய ஓவன் என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் ‘ஏர்ஃப்ரையர்’ என்று பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரே பிறகு எல்லா நிறுவனங்களின் கருவிக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

தனிப் பாட்டில் மாதத்தில் முக்கால்வாசிக்கு மேல் காலியானால் தயங்காமல் வாங்குங்கள். அளவைப் பொறுத்தவரை லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். நான்கு லிட்டர் என்பது கூடையை விளிம்புவரை நிரப்பினால் வரும் கணக்கு. நாம் சமைப்பது ஒரே அடுக்காக. அடுக்கின் மேல் அடுக்கு போட்டால் காற்று புகாமல் கீழே இருப்பது அவிந்துபோகும். ஆகவே பார்க்க வேண்டியது கூடையின் அடிப்பரப்பு. உங்கள் வீட்டில் வழக்கமாக மீன் துண்டுகளைப் பரப்பும் தட்டை ஒரு காகிதத்தின் மேல் வைத்து வரைந்து, அந்தக் காகிதத்தைக் கடைக்கு எடுத்துச் சென்று கூடைக்குள் விரித்துப் பாருங்கள். ஐந்து பேருக்கு நான்கு லிட்டர் கருவி என்றால் எதையும் இரண்டு ஈடாகத்தான் போட வேண்டியிருக்கும். ஆறு லிட்டருக்குக் குறையாமல், வட்டக் கூடையைவிடச் சதுரக் கூடையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

கேள்வி: ஆறு மாதமாக ஏர் ஃப்ரையர் வீட்டில் இருக்கிறது. பஜ்ஜி போட்டால் மாவு வழிந்து வலையில் ஒட்டிக்கொள்கிறது. அப்பளம் பறந்துபோய் மேலே ஒட்டிக் கருகுகிறது. எங்கள் சமையலுக்கு இது ஒத்துவராதா?
— வாசகி, காரைக்குடி

ஒத்துவரும். நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டும்தான் ஒத்துவராதவை. கொதிக்கும் எண்ணெய் மாவை நாலாபுறமும் சூழ்ந்து நொடியில் இறுக்கிவிடும். காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. மாவு இறுகுவதற்குள் வழிந்துவிடுகிறது. பஜ்ஜி, போண்டா, உளுந்து வடை மூன்றையும் மறந்துவிடுங்கள். நல்ல நாளில் வாணலியிலேயே போட்டு, ஆளுக்கு இரண்டு சாப்பிடுங்கள். அப்பளத்துக்குக் கனமான கம்பித் தட்டை மேலே கவிழ்க்கலாம்தான். ஆனால் அடுப்புத் தணலில் சில நொடியில் சுட்டெடுக்கும் அப்பளத்துக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு?

சேப்பங்கிழங்கைச் செய்து பாருங்கள். கருவியின் அருமை அப்போது தெரியும். அரைக் கிலோ கிழங்கைக் குழையாமல், கத்தி இறங்கும் பதத்தில் வேகவைத்துத் தோலுரித்து நன்றாக ஆறவிடுங்கள். ஆறாத கிழங்கில் கொழகொழப்பு போகாது. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் லேசாக அழுத்தித் தட்டையாக்குங்கள். ஓரங்கள் வெடித்துக்கொள்ளும், அந்த வெடிப்புகள்தான் பிறகு மொறுமொறுப்பாகும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் எல்லாவற்றையும் முதலில் குழைத்துப் பிறகு கிழங்கில் தடவுங்கள். தூளை அப்படியே தூவினால் விசிறிக் காற்றில் பறந்து சுருளில் பட்டுக் கருகும். வீடு முழுக்க நெடியேறும். கருவியை 180 டிகிரியில் நான்கு நிமிடம் வெறுமனே சூடாக்கிவிட்டு, கிழங்கை இடைவெளி விட்டு அடுக்கி 18 நிமிடம் வையுங்கள். பத்தாவது நிமிடத்தில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். கறிவேப்பிலையைக் கடைசி இரண்டு நிமிடத்தில், கிழங்குக்கு அடியில் செருகி வையுங்கள். மேலே போட்டால் அதுவும் பறக்கும்.

கத்திரிக்காய் கொத்சுக்கும் துவையலுக்கும் காய் சுடுவதற்கு இதைவிட வசதியானது வேறில்லை. பெரிய காயில் எண்ணெய் தடவி, நான்கு இடத்தில் குத்திவிட்டு 200 டிகிரியில் 20 நிமிடம். தோல் கையோடு வரும், அடுப்பும் அழுக்காகாது. மசாலாவைத் தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ குழைத்துத் தடவிய வஞ்சிரத் துண்டுகள் 12 நிமிடத்தில் வெந்துவிடும். நமத்துப்போன முறுக்கை 150 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி நறுக்கென்று உடையும்.

கேள்வி: ஏர் ஃப்ரையர் ஓடும்போது பிளக் சுடுகிறது. லேசாகக் கருகல் வாடையும் வருகிறது. கருவி பழுதா?
— வாசகர், தென்காசி

இன்றைக்கே நிறுத்துங்கள். எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை அந்த இணைப்பில் எதையும் மாட்ட வேண்டாம்.

பெரும்பாலும் பழுது கருவியில் இருக்காது, சுவரில் இருக்கும். கருவியின் அடியில் உள்ள தகட்டைப் பாருங்கள். 1500 வாட்ஸ் என்று போட்டிருந்தால், 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்சாரம் ஆறரை ஆம்பியர். நம் வீடுகளில் விளக்குக்கும் விசிறிக்கும் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். கிரைண்டரும் ஃபிரிட்ஜும் சேர்ந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் மாட்டினால் கேட்கவே வேண்டாம். தடித்த பின்னுள்ள பிளக்கைச் சின்ன பாயிண்டில் நுழைக்க உதவும் மாற்று பிளக்கையும் பயன்படுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓடியதில், அதன் அடிப்பகுதி உருகி மேடையோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் துணியோ காகிதமோ இல்லாததால் அதோடு போயிற்று. அன்றிலிருந்து யார் கேட்டாலும் கருவியின் விலைக்கு முன்னால் ‘சமையலறையில் 16 ஆம்பியர் பவர் பிளக் எத்தனை இருக்கிறது?’ என்றுதான் கேட்கிறேன். உரிய கம்பியோடும் எர்த்தோடும் ஒன்று புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரண்ட் பில் எவ்வளவு கூடும்?
— வாசகி, திருச்சி

1500 வாட்ஸ் கருவி 20 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட். சூடு ஏறியதும் ஹீட்டர் விட்டுவிட்டு எரிவதால் உண்மையில் இன்னும் குறையும். தினமும் ஒருமுறை என்றால் இரண்டு மாதக் கணக்கில் 30 யூனிட்டுக்குள் அடங்கும். ஆனால் அந்த 30 யூனிட் எந்தக் கட்டண அடுக்கில் போய் விழுகிறது என்று பழைய பில்லைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கீழ் அடுக்கின் விலையும் உயர்ந்துவிடுகிறது. 480இல் நிற்பவர்களுக்கு இந்த 30 யூனிட் கனமானது.

கேள்வி: சென்னையில் அறை எடுத்து வேலை பார்க்கிறேன். கேஸ் அடுப்புக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கையில் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது. ஏர் ஃப்ரையரா, இண்டக்‌ஷன் அடுப்பா, கெட்டிலா?
— வாசகர், வயது 23

தம்பி, மூன்றும் வேண்டாம். ஒரு லிட்டர் எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் வாங்குங்கள், ஆவித்தட்டோடு. இது 500 வாட்ஸை ஒட்டித்தான் இழுக்கும் என்பதால் அறையில் இருக்கும் சாதாரண பிளக் பாயிண்டே தாங்கும். இண்டக்‌ஷனுக்கு அடுப்பின் விலையோடு காந்தம் ஒட்டும் தட்டையான அடியுள்ள பாத்திரங்களும் வாங்க வேண்டிவரும்.

ரைஸ் குக்கர் தானாக நிற்பது எளிமையான ஏற்பாடு. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். அந்தச் சூட்டில் அடியிலிருக்கும் சிறு காந்தம் பிடிப்பை விட்டு, ‘டக்’கென்று சுவிட்ச் விழுந்துவிடும். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தாலும் சோறு அடிபிடிக்காது.

காலையில் வெண்பொங்கலில் தொடங்குங்கள். பாத்திரம் சூடானதும் அதிலேயே இரண்டு டீஸ்பூன் நெய் விட்டு, மிளகு, சீரகம், பொடியாக நறுக்கிய இஞ்சி போட்டு, பொரிந்ததும் அரை கப் பச்சரிசி, கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகப் பாசிப்பருப்பு, மூன்று கப் தண்ணீர், உப்பு. பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால் எல்லாம் சேர்ந்து பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாதபடி சின்னக் கப்பால் அளந்துகொள்ளுங்கள். சுவிட்ச் விழுந்த பிறகும் பத்து நிமிடம் மூடியைத் திறக்க வேண்டாம். பொங்கல் குழைவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். சோறு வேகும்போது ஆவித்தட்டில் முட்டையையோ, நறுக்கிய கேரட், பீன்ஸையோ வைத்தால் ஒரே வேளையில் இரண்டும் ஆகிவிடும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் மகன் அங்கேயே ஏர் ஃப்ரையர் வாங்கி வரவா என்கிறான்.
— வாசகி, கும்பகோணம்

வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அந்தக் கருவியை இங்கே நேராக மாட்டினால் ஹீட்டர் போய்விடும். 1500 வாட்ஸ் தாங்கும் மாற்றுப்பெட்டி கனமும் விலையும் கூடுதல். சிங்கப்பூரில் வாங்கியது 230 வோல்ட் என்பதால் ஓடும். பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் இரண்டு ஊரிலும் வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடைக்குமா என்பதை அட்டையில் எழுத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஏர் ஃப்ரையரின் கூடைப் பூச்சு எட்டே மாதத்தில் உரிகிறது. ‘கூடைக்கு வாரண்டி கிடையாது’ என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
— வாசகர், மதுரை

விடாதீர்கள். உரிந்த கூடையில் சமைப்பதை மட்டும் முதலில் நிறுத்துங்கள். ஓரிரு துகள் உள்ளே போயிருந்தால் பயப்பட வேண்டாம். உடம்பில் தங்காமல் வெளியேறிவிடும்.

வாரண்டி அட்டையை ஒருமுறை முழுவதுமாகப் படியுங்கள். கூடை விலக்கப்பட்டிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறதா, அல்லது கவுண்டரில் இருந்தவர் வாயால் சொன்னதா? எழுதியிருந்தாலும், வழக்கமான பயன்பாட்டில் எட்டு மாதம் தாங்காத பூச்சு தரக்குறைபாடு என்று வாதிட உங்களுக்கு இடமுண்டு. இரும்பு நார் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த வாதம் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பில், அட்டை, உரிந்த இடத்தின் படம் மூன்றையும் இணைத்து நிறுவனத்துக்கும், விற்ற இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இராது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவுசெய்யுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அதுவரை அந்தக் கூடையைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.