மாசி வீதியில் பேக்-மேன்: திகில் விளையாட்டுக்குத் திட்டம் போடுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்றுகொண்டே நாலு பேய்களிடமிருந்து தப்பி ஓடும் பேக்-மேன் விளையாட்டைத் திகில் வடிவில், மதுரைத் தெருக்களில் நடப்பதுபோல, ரசிகர்களாகச் சேர்ந்து செய்ய ஒரு குழு இங்கே கிளம்பியிருக்கிறது. இன்னும் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை, அதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

அண்ணே, பேக்-மேன் சின்னப் பிள்ளைகள் விளையாட்டாச்சே. அதில் எப்படிப் பயம் வரும்? ரத்தம், கோர முகம் எல்லாம் சேர்க்கணுமா? (செல்லூர்)

வேண்டாம் தம்பி. 1980இல் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானியின் குழு செய்த அந்த விளையாட்டிலேயே பயம் இருக்கிறது. தனியாக ஒரு ஆள். வெளியே போக வழியில்லாத ஒரு இடம். விடாமல் தேடும் நாலு பேர். மேலிருந்து மொத்த வரைபடமும் தெரிவதால்தான் நமக்குப் பயம் வரவில்லை. அந்தப் பார்வையைப் பறித்துவிட்டு, கேமராவை ஆளின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். விதிகளில் கை வைக்காதீர்கள்.

ஏன் விதிகளில் கை வைக்கக் கூடாது என்றால், அவை அவ்வளவு நுணுக்கமானவை. முதல் கட்டத்தில் பேக்-மேன் உச்ச வேகத்தில் 80 சதவீதம் ஓடுவான், பேய்கள் 75 சதவீதம். ஆனால் புள்ளிகளைத் தின்றுகொண்டே போனால் அவன் வேகம் சுமார் 71க்கு இறங்கிவிடும். சும்மா ஓடினால் தப்பிக்கலாம், வந்த வேலையைப் பார்த்துக்கொண்டே ஓடினால் பின்னால் வருவது நெருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு திகில் விளையாட்டுக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரிந்து இல்லை.

நான்கு பேய்களும் எப்படி முடிவெடுக்கின்றன? அதற்குப் பெரிய செயற்கை நுண்ணறிவு எல்லாம் எழுத வேண்டுமா? (கல்லூரி மாணவி, மேலூர்)

தேவையே இல்லை. களம் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு பேய்க்கும் அதில் ஒரு இலக்குச் சதுரம் உண்டு. முச்சந்தி, நாற்சந்தி வரும்போது, எந்தப் பக்கம் திரும்பினால் அந்த இலக்குக்கு நேர்கோட்டுத் தூரம் குறைவோ அந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான். முழு வழியையும் கணக்குப் போடுவதில்லை. வந்த வழியே சட்டென்று திரும்புவதும் இல்லை.

சிவப்புக்கு இலக்கு நீங்கள் நிற்கும் இடமே. இளஞ்சிவப்பு, நீங்கள் முகம் காட்டும் திசையில் நான்கு சதுரம் முன்னால் குறி வைக்கும். நீலம், உங்களுக்கு இரண்டு சதுரம் முன்னால் ஒரு இடத்தை எடுத்து, சிவப்புப் பேயிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு போட்டு, அதே அளவு அப்பாலும் நீட்டி, அந்த முனைக்குப் போகும். அதனால் சிவப்பும் நீலமும் உங்களை இரண்டு பக்கத்திலும் அணைகட்டுவதுபோல அமைந்துவிடும். ஆரஞ்சு, எட்டுச் சதுரத்துக்கு மேல் தள்ளியிருந்தால் துரத்தும். அதற்குள் வந்துவிட்டால் விலகித் தன் மூலைக்குப் போய்விடும்.

என்னைக் கேட்டால் நாலிலும் பயங்கரமானது இந்த ஆரஞ்சுதான். இருட்டில் காலடிச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, காரணமே இல்லாமல் விலகிப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இளஞ்சிவப்பு விஷயத்தில் ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். மூல விளையாட்டில் போகும் திசையும் பார்க்கும் திசையும் ஒன்று. கண் உயரக் கேமராவில் இரண்டும் வேறு வேறு. ஒருவர் மேற்கே நடந்துகொண்டே வடக்கே எட்டிப் பார்க்கலாம். பேய் எதைக் கணக்கில் எடுப்பது? இரண்டையும் செய்து பாருங்கள். என் ஓட்டு பார்வைக்குத்தான். எந்தச் சந்துப் பக்கம் பார்க்கிறோமோ அந்தச் சந்துக்கு அது வரும் என்று விளையாடுபவருக்குப் புரிந்துவிட்டால், அப்புறம் எந்தப் பக்கம் தலையைத் திருப்பவும் யோசிப்பார்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் பேய்கள் 7 வினாடி தங்கள் மூலைகளில் சுற்றும், அப்புறம் 20 வினாடி துரத்தும். முறை மாறும் அந்த நொடியில் மட்டும் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும். சத்தத்தை வைத்தே விளையாடுபவர் இந்தத் தாளத்தைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

களம் எப்படி இருக்கணும்? மூலத்தின் வரைபடமா, நம்ம ஊர்த் தெருக்களா? (திருப்பரங்குன்றம்)

நம்ம ஊருக்கு இந்த விளையாட்டு பொருந்துவதைப் பார்த்துத்தான் எனக்கு இதில் இவ்வளவு ஆசை. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம், நடுநடுவே குறுக்குச் சந்துகள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். ஆக, பழைய மதிலே களத்தின் எல்லை.

ஒரு சிக்கல் உண்டு. மூலத்தில் பேய்களின் வீடு களத்தின் நடுவில் இருக்கிறது. மதுரையின் நடுவில் இருப்பது மீனாட்சியம்மன் கோயில். அங்கே பேய் வீடு வைக்கக் கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. கோயிலை மூடிய சதுரமாக விட்டுவிடுங்கள், யாருமே உள்ளே போக முடியாது. பேய்கள் கிளம்பும் இடத்தை ஒரு கற்பனைக் கிட்டங்கிக்கு (சரக்குக் கிடங்குக்கு) மாற்றுங்கள்.

அடுத்து கோபுரம். எங்கே நின்றாலும் கோபுரம் தெரிந்தால் திசை தப்பாது, திசை தப்பாவிட்டால் பயமும் இல்லை. அதற்கு மின்வெட்டு கைகொடுக்கும். ஊரே இருட்டு. மூலத்தில் நாலு மூலையிலும் உள்ள, தின்றால் பேய்கள் சற்று நேரம் பயந்து விலகும் சக்தி உருண்டைக்குப் பதிலாக, நான்கு மின்பெட்டிகள். ஒன்றைப் போட்டால் 6 வினாடி கரண்ட் வரும், பேய்கள் விலகும், கோபுரம் தெரியும், எங்கே நிற்கிறோம் என்று புரியும். மூலத்தில் முதல் கட்டத்தில் 6 வினாடியாக இருக்கும் அந்த அவகாசம் போகப் போகக் குறைந்து, 19ஆம் கட்டத்திலிருந்து அறவே இல்லாமல் போகிறது. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஓரத்தில் நுழைந்தால் மறு ஓரத்தில் வெளியே விடும் பக்கவாட்டுச் சுரங்கத்துக்கும் இடம் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே, மேல வெளி வீதியில் ஒரு சந்துக்குள் நுழைபவர் கீழ வெளி வீதியில் வெளியே வருகிறார். வெளியூர்க்காரருக்கு அது ஒரு குறுக்கு வழி. இரண்டும் ஊரின் எதிரெதிர் முனை என்று தெரிந்த மதுரைக்காரருக்கு வயிற்றைக் கலக்கும்.

நள்ளிரவிலும் டீக்கடையும் பரோட்டாக் கடையும் திறந்திருக்கும் ஊர் இது. அதனால் வெறும் இருட்டைவிட, பாய்லர் கொதித்துக்கொண்டிருக்க ஆளே இல்லாத ஒரு டீக்கடை நம்மவர்களை அதிகம் உலுக்கும்.

பாண்டி முனி, கருப்பசாமி இவர்களைப் பேய்களாக வைத்தால் நம்ம ஊர் மணம் வருமே? இல்லையென்றால் குடுகுடுப்பைக்காரரை வைக்கலாமா? (உசிலம்பட்டி)

வைக்காதீர்கள். முனியும் கருப்பும் மக்கள் நேர்த்திக்கடன் வைத்துக் கும்பிடும் காவல் தெய்வங்கள். அவர்களை எதிரியாக்கினால் வீட்டில் உட்கார்ந்து விளையாடுகிற அக்காவும் அம்மாவும் புண்படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. குடுகுடுப்பைக்காரர் நம்மோடு வாழ்கிற மனிதர். விடியலில் சாமக்கோடாங்கி சத்தம் கேட்டு நடுங்கிய நினைவு பலருக்கு இருக்கும்தான். அதற்காக ஒரு பிழைப்பைப் பூதமாக்கிக் காட்டுவது சரியில்லை. பேய்களுக்கு முகமே வேண்டாம். நான்கு நிழல்கள், நான்கு சத்தங்கள் போதும்.

சத்தத்துக்கு என்ன செய்வது? (விளாங்குடி)

படத்தைவிடச் சத்தத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். மூலத்தில் பின்னணியில் ஒரு சைரன் ஓடும். புள்ளிகள் குறையக் குறைய அதன் சுருதி ஏறும். அதே வேலையை ஒரு டிரான்ஸ்பார்மரின் ரீங்காரத்துக்குக் கொடுங்கள். நாய் ஊளை, ரயில் ஹாரன், ஷட்டர் இழுபடும் சத்தம் எல்லாவற்றையும் கைபேசியிலேயே பதிவு செய்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் சுத்தம் செய்யலாம். பின்னணியில் சினிமாப் பாட்டு விழுந்திருந்தால் அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது இன்னொருவர் சொத்து.

காசு வாங்காமல் கொடுத்தால் சட்டச் சிக்கல் வராதுதானே? (வழக்கறிஞர் ஆகப்போகும் ஒருவர், கே.கே. நகர்)

அப்படி நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. நின்டெண்டோ நிறுவனத்தின் மெட்ராய்டு 2 விளையாட்டை ஒரு ரசிகர் பல ஆண்டு உழைத்து மறுஆக்கம் செய்து 2016 ஆகஸ்டில் இலவசமாகவே வெளியிட்டார். சில நாளிலேயே நின்டெண்டோ தரப்பு நோட்டீசால் பதிவிறக்க இணைப்புகள் நீக்கப்பட்டன. பெயரை மட்டும் மாற்றினாலும் போதாது. பேக்-மேன் சாயலில் வந்த கே.சி. மஞ்ச்கின் என்ற விளையாட்டுக்கு 1982இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதிக்கச் சொன்னது. புதிர்ப்பாதையில் துரத்துவது பொதுச் சொத்து, ஆனால் அந்த விழுங்கும் உருவமும் பேய்களின் உருவமும் அப்படியல்ல என்பதுதான் சாரம்.

அதனால் முதல் நாளிலிருந்தே சொந்தப் பெயர், சொந்த உருவம், சொந்த இசை. மேலே நான் நிறங்களைச் சொன்னது நமக்குள் பேசிக்கொள்ள வசதிக்காக. வெளியாகும் விளையாட்டில் அவை இருக்க வேண்டாம். மனம் தளர வேண்டியதும் இல்லை. மிஸ் பேக்-மேன் பிறந்ததே, சில இளைஞர்கள் மூல இயந்திரத்துக்காகச் செய்த ஒரு மாற்றுச் சர்க்யூட் பலகையிலிருந்துதான். அவர்கள் அதை மிட்வே நிறுவனத்திடம் கொண்டுபோய் விற்றார்கள், 1982இல் அது அதிகாரபூர்வமாகவே வந்தது.

256ஆம் கட்டத்தில் திரை பாதி சிதைந்துபோகுமாமே? அதைக் கதையில் சேர்க்கலாமா? (சிம்மக்கல்)

கட்டாயம் சேருங்கள். கட்ட எண்ணை 255 வரை மட்டுமே கொள்ளும் 8 பிட்டில் வைத்திருந்ததால் 255க்கு அப்புறம் கணக்கு பிசகி, கீழே பழம் வரையும் பகுதி நிற்காமல் ஓடி, வலது பாதியில் எழுத்தும் குப்பையுமாக நிரம்பிவிடும். அந்தப் பாதியில் தின்னப் போதுமான புள்ளிகள் இல்லாததால் கட்டத்தை முடிக்கவே முடியாது. நம் களத்தில் வலது பாதி என்றால் கீழ மாசி வீதி, விளக்குத்தூண் பக்கம். கடைப் பலகைகளில் எழுத்துகள் முதலில் இடம் மாறட்டும், அப்புறம் சுவர்கள். நான்காவது மின்பெட்டியை அந்தப் பக்கமே வையுங்கள்.

திடீரென்று திரையில் பாய்ந்து கத்துவது எத்தனை இடத்தில் வைக்கலாம்? (திருமங்கலம்)

பிடிபடும்போது ஒன்று. வேறெங்கும் வேண்டாம்.

என்னிடம் 4 ஜிபி பழைய லேப்டாப்தான் இருக்கிறது. நாலு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கிருந்து தொடங்குவது? (அவனியாபுரம்)

விளையாட்டு செய்ய உதவும் கோடோ எஞ்சின் என்ற மென்பொருள் இலவசம், பழைய கணினிகளுக்கென்று எளிமையாகப் படம் வரையும் முறையும் அதில் உண்டு. முதலில் அழகு எதுவும் வேண்டாம். சாம்பல் நிறப் பெட்டிகளால் சித்திரை வீதியும் அதைச் சுற்றி ஆவணி மூல வீதியும் மட்டும் கட்டுங்கள், ஒரே ஒரு சிவப்புப் பேயை விடுங்கள், விளக்கை அணையுங்கள். இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரை ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் ஒரு முனையில் திரும்பத் தயங்கினால் மற்ற மூன்று பேய்களையும் மாசி வீதியையும் சேருங்கள். தயங்காவிட்டால் வெளிச்சத்தையும் சத்தத்தையும் திருத்திவிட்டு வேறொருவரை உட்கார வையுங்கள். மாடல் செய்வது, கதை எழுதுவது எல்லாம் அதற்கு அப்புறம்.